துண்டுத்துணி மூட்டை: வாசகர் கேள்வி – பதில்

குவில்ட் தைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தோம். துண்டுத்துணிகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் ஒரு அடுக்கும் கீழே அடித்துணியும் வைத்துச் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துண்டுத்துணியைப் பற்றித்தான். மலாயில் 'கெய்ன் பெர்ச்சா' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் 'அந்த மூட்டை'. பதில்கள் அங்குலக் கணக்கில் இருக்கும். துணியை மீட்டரில் வாங்கி அங்குலத்தில் தைக்கிற ஊர் இது, என்ன செய்ய.

*

தெரிந்த தையல்காரர் ஒருவர் இரண்டு மூட்டை வெட்டுத்துணி கொடுத்தார். பாஜு கூரோங், சுடிதார், ரவிக்கை என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. நிறவாரியாகப் பிரித்து முடித்துவிட்டேன். அடுத்து என்ன?
– வாசகி, செந்தூல்

அடுத்து, பிரித்ததைக் கலைக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறம் கடைசியில் பார்க்கிற விஷயம். முதலில் பார்க்க வேண்டியது அது என்ன இழை என்பதை.

பாஜு கூரோங் துண்டுகளில் பெரும்பகுதி பாலியெஸ்டர் கிரேப்பாக இருக்கும். பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இஸ்திரி போடும்போது பருத்திக்கு வைக்கிற சூட்டில் கிரேப் பளபளத்துச் சுருங்கும். அதற்குத் தப்பினாலும், துவைத்தவுடன் பருத்தி மூன்று முதல் ஐந்து விழுக்காடு சுருங்கும், பாலியெஸ்டர் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தையல் கொசுவிக்கொண்டு கிடக்கும். அதை எந்த இஸ்திரியாலும் நேராக்க முடியாது.

கையால் தொட்டுப் பார்த்து உறுதியாகத் தெரியாத துண்டுகளுக்குத் தீச்சோதனைதான் வழி. ஒரு அங்குலத் துண்டை இடுக்கியால் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரியும், காகித வாசனைதான் வரும், சாம்பல் விரலில் தூளாகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டதும் பின்வாங்கிச் சுருண்டு உருகும், கரும்புகை வரும், ஆறியபின் கடினமான மணிபோல ஒரு உருண்டை மிஞ்சும். ஆறுவதற்குள் அதைத் தொடாதீர்கள். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் அடிக்கும். மிஞ்சும் கருப்பு உருண்டையை நசுக்கினால் பொடியாகும். சாம்பலும் இருந்து நடுவில் கட்டியும் இருந்தால் அது கலப்பு நூல். ரேயான் மட்டும் பருத்திபோலவே எரிந்து ஏமாற்றும். அதை நனைத்து இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் பலம் குறைந்து எளிதில் கிழியும்.

பருத்திக் குவியலை இனி கனவாரியாகப் பிரியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கை தெரிகிற 'வாயில்' (voile) என்ற மெல்லிய துணி ஒரு பக்கம். பாப்ளின், கேம்பிரிக், ஜப்பான் காட்டன் எல்லாம் ஒரு பக்கம். ஜீன்ஸ், திரைத்துணி இன்னொரு பக்கம். பாப்ளின் கனம்தான் குவில்ட்டுக்கு ஏற்றது. வாயிலையும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பின்னால் இன்னொரு வாயில் வைத்து இரட்டையாக வெட்டுங்கள். ஜீன்ஸ் துண்டுகள் பைக்குப் போகட்டும். கிரேப்பையும் எறிய வேண்டாம்: இஸ்திரி சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் வைத்துப் பை தைக்கலாம், கத்தரித்து முக்காலி மெத்தைக்குள் திணிக்கலாம்.

இப்போது வெட்டலாம். சதுரங்களுக்கு 1½, 2½, 3½, 5 அங்குலம். பட்டைகளுக்கு 1½, 2½ அகலம். இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால் மிஞ்சுவது 1, 2, 3. மூன்று 1½ பட்டைகளைச் சேர்த்தால் சரியாக 3½. அது ஒரு 3½ சதுரத்தின் பக்கத்தில் பிசகாமல் உட்காரும். 1¾, 2¾ என்று கைக்கு வந்தபடி வெட்டி வைத்தால் எதுவும் எதோடும் சேராது. 5 அங்குலச் சதுரம் முக்கோணங்களுக்கு: இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இரு புறமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டில் வெட்டினால் இரு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அளவு 4⅝ வரும். 4½ ஆகச் சீவிக்கொள்ளுங்கள். சரியாக 4⅞ வெட்டினால் சீவ வேண்டியதில்லை என்று கணக்கு சொல்லும். கணக்கு சரிதான், கைதான் தவறும். சீவ இடம் வைத்தே வெட்டுங்கள்.

வெட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் இஸ்திரி போடுங்கள். ஓரக்கரையை அரை அங்குலம் கழித்துவிடுங்கள். அதன் நெசவு நெருக்கமானது, மற்ற துணியோடு சேர்ந்து சுருங்காது. கைக்குழி, கழுத்து வெட்டிய துண்டுகள் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக இருக்கும், பிடித்தால் இழுபடும். அவற்றுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியபின் வெட்டுங்கள். ஆனால் கஞ்சி போட்டதை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து.

ஒரே மூச்சில் இரண்டு மூட்டையையும் வெட்டிவிடவும் வேண்டாம். ஏ4 தாளைவிடப் பெரிய துண்டு எதையும் தொடாதீர்கள். என்ன தைக்கப் போகிறோம் என்று தெரிந்தபின் அதற்கு வேலை வரும்.

*

2½ அங்குலச் சதுரம் ஒன்பது சேர்த்துத் தைத்தால் 6½ வர வேண்டும் என்கிறார்கள். எனக்கு எப்போதும் 6¼தான். வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகி, ஜெலுத்தோங்

வெட்டில் குறை இல்லை, தையலில்தான். மூன்று சதுரம் சேர்ந்தால் 7½. நடுவில் இரண்டு தையல். ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் கால் கால் அங்குலம் உள்ளே போகிறது. ஆக மொத்தம் ஒரு அங்குலம், மிச்சம் 6½. உங்களுக்குக் கால் அங்குலம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதை நான்கு விளிம்புகளுக்குப் பிரித்தால் விளிம்புக்கு 1/16 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத பிசகுதான். ஆனால் இப்படி ஒன்பது சதுரம் சேர்ந்ததை ஒரு கட்டம் என்று வைத்தால், ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையில் அது 2¼ அங்குலமாகி நிற்கும்.

காரணங்கள் இரண்டு. பல மெஷின்களில் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) வலது ஓரம் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் இருப்பதில்லை, கொஞ்சம் தள்ளி இருக்கும். அதை ஒட்டித் தைத்தால் தையல் உள்ளே போய்விடும். இரண்டாவது, தையலை மடக்கும்போது மடிப்பே ஒரு நூலிழை அளவு துணியை எடுத்துக்கொள்ளும். அதனால் தைக்க வேண்டியது முழுக் கால் அங்குலம் அல்ல, ஒரு நூலிழை குறைந்த கால் அங்குலம்.

ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, கைச் சக்கரத்தைச் சுற்றி, ஊசியைக் கால் அங்குலக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் இறக்குங்கள். ஸ்கேலின் வலது ஓரத்தை ஒட்டி மெஷின் தகட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்தச் சின்னச் சுவரில் உரசிக்கொண்டே போகட்டும். பிறகு ஒரு சோதனை: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், கூடினால் விலக்குங்கள்.

இஸ்திரியையும் கவனியுங்கள். பெட்டியைத் தேய்த்துக்கொண்டு போகாமல் தூக்கித் தூக்கி வையுங்கள். முதலில் தையல் மூடியிருக்கும்போதே ஒரு அழுத்து; பிறகு விரித்து, தையலைக் கரு நிறத் துணியின் பக்கம் சாய்த்து, மேல்பக்கமிருந்து ஒரு அழுத்து. ஒன்பது சதுரத்தில் மூலைகளும் நடுவும் கரு நிறமாக இருந்தால் இன்னொரு வசதி. முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் தையல்கள் வெளிப்பக்கம் சாயும், நடு வரிசையில் உள்பக்கம் சாயும். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு தையல் மேடுகளும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் நீவிப் பாருங்கள்: மேடு தட்டுப்பட்டால் இன்னும் உட்காரவில்லை, வழவழவென்று ஒரே தளமாக இருந்தால் உட்கார்ந்துவிட்டது. அங்கே ஒரு குண்டூசி போதும்.

ஏற்கனவே 6¼ ஆக வந்த கட்டங்களைப் பிரிக்க வேண்டாம். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் 6¼ என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், இருப்பதில் சிறியதன் அளவுக்கு வெறும் துணிச் சதுரங்கள் வெட்டி, ஒரு கட்டம் ஒரு சதுரம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பெரிய கட்டங்களையும் அந்த அளவுக்குச் சீவிவிடுங்கள். வெறும் சதுரம் பக்கத்தில் இருந்தால் தையல்கள் சந்திக்காதது யாருக்கும் தெரியாது.

*

ஒற்றைக் கட்டிலுக்கு ஒன்பது சதுரக் குவில்ட் தைக்க எத்தனை துண்டு வேண்டும்? புதிதாக எவ்வளவு துணி வாங்க வேண்டியிருக்கும்?
– வாசகி, கெப்போங்

நம் ஊர் ஒற்றைக் கட்டில் மெத்தை 36க்கு 75 அங்குலம். 60க்கு 78 என்று தைத்தால் இரு பக்கமும் ஓரடி தொங்கும்.

குறுக்கே 9, நெடுக்கே 12 என்று 108 கட்டங்கள். பாதி ஒன்பது சதுரம், பாதி வெறும் துணி, மாற்றி மாற்றி. 54 கட்டங்களுக்கு 2½ அங்குலச் சதுரம் 486 வேண்டும். இது முழுக்க உங்கள் மூட்டையிலிருந்து. வெறும் சதுரம் 6½ அங்குலத்தில் 54. 45 அங்குல அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 6 வரும், 9 வரிசைக்கு 58½ அங்குலம், 1.7 மீட்டர் வாங்குங்கள். சுற்றிலும் 3 அங்குலக் கரைக்கு முக்கால் மீட்டர். ஓரம் கட்ட 2½ அங்குலப் பட்டை ஏழு, அரை மீட்டர். அடித்துணி ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலமாவது கூடுதலாக வேண்டும். 45 அகலத்தில் 4½ மீட்டர் வாங்கி இரண்டாக வெட்டி நடுவில் இணையுங்கள். பழைய பெரிய படுக்கை விரிப்பு இருந்தால் இந்தச் செலவு மிச்சம்.

கரையை மட்டும் ஓரத்தில் வைத்து ஓடவிட்டுத் தைக்காதீர்கள். ஓரம் எப்போதும் இழுபட்டு நீண்டிருக்கும், அதன்படி கரை வைத்தால் அலை அலையாக ஆடும். குவில்ட்டின் நடுவில் டேப் வைத்து அளந்து, அந்த நீளத்துக்குக் கரையை வெட்டி, இரு முனையும் நடுவும் ஊசி குத்தியபின் தையுங்கள்.

*

ஒரு அங்குலம்கூட இல்லாத நாடாபோன்ற துண்டுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. குப்பைக்குத்தானா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

முக்கால் அங்குலம் வரை பயன்படும், அதற்குக் கீழே தலையணைக்குள். பழைய டெலிபோன் டைரக்டரி கிடைத்தால் அதன் தாளை 6½ அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். கிடைக்காவிட்டால் வெறும் மெல்லிய தாள். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஏறும். முதல் நாடாவை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலாக வையுங்கள். அதன்மேல் இரண்டாவதை நல்ல பக்கம் கீழாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, தாளோடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். விரித்து இஸ்திரி. அடுத்த நாடா. தாள் மூடியபின் திருப்பிப் போட்டுத் தாள் அளவுக்குச் சீவுங்கள். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 90/14. அப்போதுதான் தாள் தபால்தலை ஓரம்போல சுலபமாகக் கிழியும்.

நிறையப் பேர் செய்யும் தவறு, கட்டம் முடிந்தவுடன் தாளைக் கிழித்துவிடுவது. நாடாக்கள் சாய்வாக இருப்பதால் கட்டத்தின் நான்கு ஓரமும் கிராஸ்தான். தாள் போனதும் ஓரம் ரப்பராகிவிடும். கட்டங்களை எல்லாம் இணைத்து முடித்தபின் கிழியுங்கள்.

தாளுக்குப் பதில் பழைய வேட்டித்துணியையும் வைக்கலாம். கிழிக்கிற வேலையே இல்லை, அதுவே உள்ளே ஒரு அடுக்காகத் தங்கிவிடும். கோலாலம்பூர் சூட்டுக்கு அந்த ஒரு அடுக்கே போதும் என்போம்.

*

குவில்ட்டுக்கு நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு வாங்கிப் போட்டுத் தைத்தேன். அழகாக வந்தது. ஆனால் போர்த்திக்கொள்ள முடியவில்லை, வேர்க்கிறது. துவைத்தால் இரண்டு நாள் காயவில்லை.
– வாசகி, செராஸ்

குவில்ட் என்றால் பனி பெய்யும் ஊரின் போர்வை என்று நினைத்துவிடுகிறோம். வங்காளத்துக் கந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி ஓட்டத் தையலால் சேர்த்ததுதான் அது, பஞ்சு என்பதே கிடையாது. தையலுக்கான நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவிக்கொண்டார்கள். நம் 'கந்தை'யும் அந்தக் 'கந்தா'வும் ஒரே சொல்தான். நமக்குப் பொருத்தமான குவில்ட் அதுவே.

நடுவில் வைக்க ஒற்றை அடுக்கு ஃபிளானல், இல்லாவிட்டால் துவைத்துத் துவைத்து மெலிந்த படுக்கை விரிப்பு, இல்லாவிட்டால் இரட்டை வேட்டி. ஃபிளானல் நன்றாகச் சுருங்கும். இரண்டு முறை சுடுதண்ணீரில் துவைத்தபின் வெட்டுங்கள். கைலித்துணியான கெய்ன் பெலிக்காட்டும் நல்ல அடித்துணி. அந்தப் பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி வந்தது; வெள்ளைக்காரர் வாயில் 'புலிக்காட்', மலாயில் 'பெலிக்காட்'. கட்டம் போட்ட துணி என்பதால் தையல் கோட்டுக்குத் தனியாக அளந்து கோடு போட வேண்டாம், அடிப்பக்கமிருந்து கட்டத்தின் மேலேயே தைத்துக்கொண்டு போகலாம்.

பஞ்சு விரிப்புதான் வேண்டும் என்றால் உறையில் அச்சிட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். தையல் வரிகளுக்கு நடுவில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் விடலாம் என்று அதில் இருக்கும். அதை மீறினால் நாலு துவைப்பில் பஞ்சு நகர்ந்து மூலையில் திரளும்.

*

பாத்தேக் சரோங் துண்டுகளையும் வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தைத்த குவில்ட், முதல் துவைப்பிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டது. உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்றார்களே?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

நிற்காது. உப்பு, சாயம் ஏற்றும் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும். வினிகர், கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் அமிலச் சாயத்துக்கு உதவும். ஏற்கனவே சாயம் போட்ட பருத்தியில் ஒட்டாமல் தங்கிவிட்ட மிச்சச் சாயத்தை இரண்டும் பிடித்து வைக்காது. கையால் செய்யும் பாத்தேக்கில் மெழுகு வைத்துச் சாயம் தீட்டியபின் சோடியம் சிலிகேட் பூசி நிறத்தை நிறுத்துவார்கள். பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்து அலசுவார்கள். அலசல் போதாவிட்டால் மிச்சச் சாயம் உங்கள் வீட்டுக்கு வந்து வெளியேறும்.

இப்போதைக்கு: குவில்ட்டைக் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பெரிய தொட்டியில், முழுக்க மூழ்கி மேலே அரையடி தண்ணீர் நிற்கும் அளவுக்கு, 60 டிகிரி சூட்டில் சுடுதண்ணீர் ஊற்றிப் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, பன்னிரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். எந்த மூலையும் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. தண்ணீர் நிறமாகியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. மூன்று நான்கு முறை ஆகலாம். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை விடாதீர்கள். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வெளியே வந்த சாயம் தண்ணீரில் மிதக்கும், வெள்ளைத் துணியில் மறுபடி உட்காராது. உள்ளே பட்டு இருந்தால் இந்த வழி கூடாது.

இனிமேல், பாத்தேக்கோ கருஞ்சிவப்போ கருநீலமோ எதுவானாலும் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, வெள்ளைக் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, அரைமணி நேரம் வையுங்கள். எடுத்து ஈரத்தோடு டிஷ்யூவில் வைத்து அழுத்துங்கள். கறை பட்டால் துணியைத் தனியாக அலசி எடுத்தபின் வெட்டுங்கள். துணி அட்டைபோல விறைப்பாக இருந்தால் மெழுகு மிச்சம் இருக்கிறது. பழுப்புத் தாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டால் தாள் குடித்துக்கொள்ளும். அப்படியே தைத்தால் ஊசியில் பிசின் ஏறித் தையல் விட்டுவிட்டு விழும்.

*

பட்டு ரவிக்கைத் துண்டுகளில் தீபாவளிக்குள் ஏதாவது தைக்க வேண்டும். கத்தரி வைத்தவுடன் பிசிர் பிசிராகப் போகிறது.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

வெட்டுவதற்கு முன்னாலேயே பின்பக்கம் மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் வைத்து ஒட்டிவிடுங்கள். இஸ்திரியில் பட்டுக்கான சூடு, மேலே வேட்டித்துணி, நீராவி கூடாது. தள்ளாமல் ஒரு இடத்தில் பத்து விநாடி. சரிகையை முதலில் ஒரு ஓரத்தில் சோதியுங்கள். இப்போது வரும் சரிகையில் பல பாலியெஸ்டர் இழையில் உலோகம் பூசியவை, சூடு பட்டால் சுருண்டு துணியையும் இழுத்துக்கொள்ளும்.

ஊசி 75/11, புதியது. சரிகை ஊசி முனையைச் சீக்கிரம் மழுக்கும். தைக்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டால் மாற்றுங்கள். தையலுக்குக் கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள். குண்டூசியைத் தையலுக்கு வெளியே விடும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள். பட்டில் விழுந்த ஓட்டை மூடாது. பழைய ரவிக்கையிலிருந்து எடுப்பதானால் அக்குள் பகுதியைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். வேர்வை பட்ட பட்டு பார்க்க முழுசாக இருக்கும், இழுத்தால் காகிதம்போல் கிழியும்.

துவைக்க முடியாது என்பதால் போர்வை வேண்டாம். குஷன் உறை, சாமி மேடை விரிப்பு, மேசை நடுவிரிப்பு – இவை தீபாவளிக்குள் முடியும்.

*

மெஷின் இல்லை. கையாலேயே செய்ய முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் 'கவந்தி' என்ற குவில்ட் உங்களுக்கானது. துண்டுகளை முதலில் இணைத்து, பிறகு அடுக்கி, பிறகு தைத்து, பிறகு ஓரம் கட்டி என்று நான்கு வேலை கிடையாது; எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும்.

அடித்துணியை விரித்து, அதன்மேல் அதைவிட அரை அங்குலம் சிறியதாகப் பழைய புடவை அடுக்கு ஒன்று. அடித்துணி ஓரத்தை மேல்பக்கம் மடியுங்கள். முதல் துண்டை மூலையில் ஓரம் உள்ளே மடித்து வைத்து, விளிம்பை ஒட்டி ஓட்டத் தையல். துண்டு முடிகிற இடத்தில் அடுத்த துண்டைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, முந்தையதன் மேல் அரை அங்குலம் ஏறும்படி வைத்துத் தொடருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கால் அங்குலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர வேண்டும். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் தனியாக ஓரம் கட்டுவதில்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் அதைப் பூ என்பார்கள்.

நூலை முழங்கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கும். நடுவில் மேடு கட்டினால் நூலை அதிகம் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வரி முடிந்ததும் துணியை உள்ளங்கையால் நீவிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். முதல் முயற்சி 18 அங்குலச் சதுரம், அதற்கு மேல் வேண்டாம்.

*

பாட்டி காலத்து மிதி சிங்கர் மெஷினில் குவில்ட் தைக்கலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

தாராளமாக. நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினின் தகட்டில் ஊசித் துளை சின்னதாக இருப்பதால் துணி மூலையை உள்ளே இழுத்துத் தின்னாது; துண்டுகள் இணைக்க அது புது மெஷினைவிட மேல். மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்க, மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வாங்குங்கள். ஃபுட்டை இறக்கி வைத்து, தகட்டிலிருந்து ஃபுட்டின் திருகு நடு வரை அளங்கள். ஏறக்குறைய முக்கால் அங்குலம் இருந்தால் கடையில் 'லோ ஷாங்க்' என்று கேளுங்கள். அதன் கவைபோன்ற கை ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும்; விட்டுவிட்டு மாட்டினால் மேல் துணி நகராது. கூடவே மேலே உள்ள அழுத்தத் திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள். எண்ணெய், மெஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை நிறுத்தும்.

*

ஓரம் கட்டும்போது மூலை உருண்டையாக வருகிறது.
– வாசகி, செந்தூல்

மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தியிருக்க மாட்டீர்கள். அங்கே நிறுத்தி, இரண்டு தையல் பின்னுக்குத் தைத்து, நூலை வெட்டுங்கள். குவில்ட்டைத் திருப்பி, பட்டையை நேர் மேலே மடியுங்கள், மூலையில் 45 பாகை மடிப்பு விழும். அதன்மேலேயே கீழே மடியுங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் ஓரத்தோடு சமமாக நிற்கட்டும், ஒரு நூல்கூடத் தாண்டக் கூடாது. ஓரத்திலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள்.

*

வாசகர் அனுப்பிய கைவழிகளில் இரண்டு. தேய்ந்த குளியல் சோப்புச் சில்லைக் காயவைத்துக் கருந்துணியில் கோடு போடலாம் என்கிறார் சுங்கை பூலோ வாசகி. சரி, எண்ணெய் அதிகமுள்ள சோப்பு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு தையலையும் ஒரு பழந்துண்டில் தொடங்கி, நிறுத்தாமல் நல்ல துணிக்குள் போகலாம் என்கிறார் பினாங்கு வாசகி. முதல் தையலில் நூல் சிக்கல் விழுவதை இது அறவே தடுக்கும். பழந்துண்டுக்குப் பதில் இரண்டு 2½ சதுரங்களை வைத்தால் வேலையோடு வேலையாக அதுவும் தைத்து முடியும்.

மூன்றாவது கடிதம் ஒரு புகார்: அடுக்குகளைச் சேர்க்கக் குத்திய ஊக்குகள் துருப்பிடித்துக் கறையாகிவிட்டதாம். ஊக்கு நான்கு அங்குலத்துக்கு ஒன்று, நடுவிலிருந்து வெளியே, அது சரி. ஆனால் நம் ஊர் ஈரத்தில் சாதா ஊக்கு மாதக்கணக்கில் துணியில் கிடக்கக் கூடாது. பித்தளை ஊக்கு வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்று அங்குல ஓட்டத் தையல் போட்டு வையுங்கள். வேலை தீபாவளி தாண்டிப் போனாலும் கறை விழாது. விழுந்த கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வையுங்கள். வெள்ளைத் துணியில் மட்டும். நிறத் துணியில் நிறமே போய்விடும்.